பெலந்தாரில் பூசிய ரப்பர் பால்

தெங்கேராவில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டுக்குப் பின்னால் கடல் இருந்தது. இப்போது போய்ப் பார்த்தால் இருக்காது. மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தூரத் தள்ளிவிட்டார்கள். அப்போது முன்வாசலில் இறங்கினால் ரோடு, பின்வாசலில் இறங்கினால் சேறு. அந்தச் சேற்றில் கட்டைக் கால்களை ஊன்றி, மேலே பலகை அடித்து ஒரு தளம் போட்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் அதைப் பெலந்தார் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். இருபது பேர் பந்தி உட்காரலாம், அவ்வளவு அகலம்.

ஆனால் அதில் யாரும் பந்தி உட்கார்ந்ததில்லை. என் புகுந்த வீடு சலவைக் கடை. வெளுப்பது, கஞ்சி போடுவது, இஸ்திரிப் பெட்டி போடுவது எல்லாம் வீட்டோடு. தண்ணீர் முன்பக்கத்துக் குழாயில், காய்வது பின்பக்கத்துப் பெலந்தாரில். நான்கு மூலையிலும் மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருக்கும். கடல் காற்றுக்குத் துணி சீக்கிரம் உலரும். பெலந்தார் இல்லையென்றால் கடை இல்லை.

அது அவசரகாலம். டாருராட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். காட்டுக்குள் யார் யாரைச் சுடுகிறார்கள், எதற்குச் சுடுகிறார்கள் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போது யாராவது எடுத்துச் சொன்னாலும் பாதிதான் விளங்குகிறது. எங்களுக்குத் தெரிந்தது அரிசி அளந்து கொடுத்தது, பஸ்ஸை நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்த்தது, ஊரடங்கு போட்டால் கதவைச் சாத்தியது, அவ்வளவுதான். பயந்த காலத்தில் சட்டையை வெளுக்கக் கொடுக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த பட்டாளத்துத் துணி மட்டும் வாரம் தவறாமல் லாரியில் வந்து இறங்கியது. பச்சைக் கால்சட்டை, பச்சைச் சட்டை, மூட்டை மூட்டையாக. அந்த மூட்டை நின்றால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

நான் குருபோங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் என் மாமியார் துணிப் பையோடு புறப்பட்டார். அலோர் காஜாவில் இருந்த அவர் மகளுக்குப் பிரசவ நேரம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"மழைக்கு முந்தி பெலந்தாருக்கு எண்ணெய் போட்டுடு. பலகை வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. வழக்கமா போடுறதுதான்."

"சரிங்க அத்தை."

அந்த இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பம். வழக்கமாகப் போடுவது எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான்கு மாதத்தில் அவர் ஒரு தடவைகூடப் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு என் கழுத்து விறைத்துப்போயிருந்தது. கேட்கவில்லை. அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பெலந்தாரைப் போய்ப் பார்த்தேன். வெயில் படும் பக்கம் பலகை சாம்பல் நிறமாகி, சிராய் எழும்பி, காலில் குத்தியது. நிழல் விழும் பக்கம் பச்சைப் பாசி. பலகைகளின் முனையில் விரலை வைத்து அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது. இரண்டு ஆணிகள் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டு ஊதிக்கொண்டிருந்தார்.

"படிக்குக் கீழ டின்னு இருக்கும் பாரு."

"எந்த டின்னு?"

"ஏதோ டின்னு. அம்மாதான் போடும். எனக்கு எங்க தெரியும்?"

படிக்குக் கீழே மூன்று டின் இருந்தது. ஒன்றில் மஞ்சள் கல் மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது. ஒன்றில் கறுப்பு எண்ணெய். மூன்றாவது காலி, முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை. இதில் எது வழக்கம்? மூன்றுமா? ஒன்றன்மேல் ஒன்றா? டின்கள் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன்.

டின்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் போனேன். மாக்சிக் என்றால் மலாயில் சின்னம்மா. அவர் புருஷன் மீன்பிடிக்கிறவர். மாக்சிக் அந்த மஞ்சள் கல்லைப் பார்த்துவிட்டு, இது டாமார், படகுக்குப் போடுவது என்றார். நம் குங்கிலியம்தான். இடித்து எண்ணெயில் காய்ச்சிப் பூச வேண்டுமாம். சரி என்று கிளம்பினேன். பின்னாலேயே கூப்பிட்டு, மேலே பூசாதே, கீழே பூசு என்றார். எனக்குத் தலை சுற்றியது. மழை மேலேயிருந்துதானே விழுகிறது? கீழே பூசி என்ன பயன்?

பெட்டி போட வரும் சித்தப்பா ஒருவர் இருந்தார். என் மாமனாரின் தம்பி. மாமனார் இல்லாத வீட்டில் அவர்தான் பெரிய ஆண்பிள்ளை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"டாமாரும் வேணாம், கீமாரும் வேணாம். லாரிக்காரன் ஊத்துற கறுப்பு எண்ணெய் அடி. பத்து வருஷம் நிக்கும் லா."

"துணியில ஒட்டாதா சித்தப்பா?"

"ஒட்டுனா வெளுத்துக்கோ. நாமதான சலவைக் கடை வச்சிருக்கோம்!"

அவர் சிரித்ததில் பெட்டியிலிருந்து சாம்பல் பறந்தது. ஆனாலும் அவர் சொன்னதை ஒரு மூலையில் பூசிப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்தால் துணி கறுப்பு. அது ஆகாது.

முக்கு மளிகைக்கடைச் சீன முதலாளியைத் தவுக்கே என்போம். அவர், படகுக்காரனும் வேண்டாம், லாரிக்காரனும் வேண்டாம், சாம்பல் நிறச் சாயம் இருக்கிறது, மேலே இரண்டு கை அடி என்றார். ஒருவர் கீழே என்கிறார், ஒருவர் மேலே என்கிறார். ஒருவர் காய்ச்சச் சொல்கிறார், ஒருவர் பச்சையாக ஊற்றச் சொல்கிறார். யாருமே தெரியாது என்று சொல்லவில்லை. எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அதுதான் என்னை அதிகம் குழப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் பார்க்க வந்தார். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு அவருடைய சைக்கிளில் மாட்டியிருந்த ரப்பர் மழைக்கோட்டைப் பார்த்தேன். அதன் மேல் தூறல் முத்து முத்தாக நின்றது. ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை.

"அண்ணே, ரப்பர் பாலைப் பலகையில பூசுனா தண்ணி எறங்குமா?"

அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"எப்படி எறங்கும்? பால் காஞ்சா தோலு. தோலுக்குள்ள தண்ணி போகுமா?"

"கறை?"

"காஞ்சா கண்ணாடி மாதிரி இருக்கும் தங்கச்சி. இத்தனை வருஷமா பாலை எடுத்துத் துரைக்குக் கொடுக்குறோம், நம்ம வீட்டுப் பலகைக்குப் போடணும்னு எவனுக்காவது தோணுச்சா? ஒனக்குத்தான் தோணியிருக்கு."

இதைக் கேட்டு என் மனம் எப்படிப் பூரித்தது என்று சொல்ல முடியாது. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாதா? பார்க்கலாம்.

அடுத்த ஞாயிறு அண்ணன் இரண்டு வாளிப் பால் கொண்டுவந்தார். திருட்டுப் பால் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு, தங்கச்சி வீட்டுப் பலகைக்கு என்று துண்டுச் சீட்டு எழுதி வாங்கித்தான் கொண்டுவந்தார். வழியில் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. பால் கட்டிப்போகாமலிருக்க அமோனியா ஊற்றியிருந்ததால், மூடியைத் திறந்த போலீஸ்காரருக்குக் கண்ணீர் கொட்டிவிட்டதாம். சீட்டைப் படித்துவிட்டு, "பலகைக்கா?" என்று மூன்று தடவை கேட்டாராம். அரிசி கடத்துகிறவனைப் பார்த்திருக்கிறார், பலகைக்குப் பால் கொண்டுபோகிறவனைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

வேலையை நான் அரைகுறையாகச் செய்யவில்லை. தேங்காய் மட்டையும் மணலும் போட்டுப் பாசியைத் தேய்த்தேன். சிராய்களைக் கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். ஆணிகளை அடித்து இறக்கினேன். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டேன். பிறகு மட்டையின் நுனியைத் தட்டி நாராக்கி, அதைத் தூரிகையாக வைத்துக்கொண்டு பாலைப் பூசினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. காயக் காய வெள்ளை போய்த் தேன் நிறம் வந்தது. மறுநாள் இன்னொரு பூச்சு. முழங்கால் இரண்டும் தேய்ந்து போயின.

சாயங்காலம் மழை பெய்தது. வாசலில் நின்று பார்த்தேன். பலகையில் விழுந்த தண்ணீர் உருண்டு உருண்டு ஓடியது. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. மாக்சிக் தன் வீட்டுப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார். தவுக்கேயின் மனைவி வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். சித்தப்பா இரண்டு தடவை நடந்துவிட்டு, "ம்" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும், "அம்மா வரட்டும்" என்றார். எதற்கெடுத்தாலும் அவருக்கு அது ஒன்றுதான்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்" என்றேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பட்டாளத்து மூட்டை வந்தது. அடுத்த செவ்வாய் வெளுத்து, மரவள்ளி மாவுக் கஞ்சி போட்டுப் பிழிந்தோம். எப்போதும் கயிற்றில்தான் போடுவோம். பலகை அழுக்கு என்பதால் பலகையில் துணி வைக்க மாட்டோம். ஆனால் இப்போது பலகை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறதே! கஞ்சி போட்ட கால்சட்டையைத் தட்டையாக விரித்துக் காயவைத்தால் மடிப்பு நேராக நிற்கும், பெட்டிக்குப் பாதி வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். பதினோரு கால்சட்டைகளைப் பாய் விரிக்கிற மாதிரி வரிசையாக விரித்தேன். பார்க்க அழகாக இருந்தது. உள்ளே போய்ச் சமைத்தேன்.

மதிய வெயில் நல்ல வெயில். திரும்பி வந்து முதல் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. பின்பக்கம் முழுக்கத் தேன் நிறத்தில் ரப்பர், பலகைக்குப் பலகை கோடு கோடாக. இரண்டாவதும் அப்படி. பதினொன்றும் அப்படி.

வெயிலில் நின்றேன். என் காலும் ஒட்டியது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதே வெட்கம். என் அம்மா பால் வெட்டுகிறவர். அவருடைய வேலைத் துணியை எட்டு வயதிலிருந்து ஆற்றில் துவைத்தவள் நான். பால் பட்ட துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கறுத்து, இறுகி, வெயிலில் வைத்தால் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எதைப் போட்டாலும் போகாது. அதனால்தான் தோட்டத்தில் வேலைத் துணி தனி, வீட்டுத் துணி தனி. அந்த வாடை இல்லாத வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் சலவைக் கடைக்காரருக்குக் கழுத்தை நீட்டினேன். அப்படிப்பட்டவள், வீடு முழுக்கத் துணி இருக்கிற இடத்தில், கையால் பாலைக் கொண்டுவந்து பூசியிருக்கிறேன். அண்ணனும் பால் வெட்டுகிறவர்தான், அவருக்கும் தோன்றவில்லை. மழைக்கோட்டைப் பார்த்த கண் அம்மாவின் பாவாடையை ஏன் நினைக்கவில்லை? தெரிந்த விஷயம் தலையில் எந்த அறையில் போய் ஒளிந்துகொண்டது என்று எண்ணிப் பார்க்கிறேன், தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். மண்ணெண்ணெய் எடுத்துவந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து தேய்த்தோம். ரப்பர் உருண்டு உருண்டு கொஞ்சம் வந்தது, மீதி துணிக்குள் இறங்கிக் கறையாக நின்றது. சித்தப்பா பச்சைத் தண்ணீர் என்றார், சுடுதண்ணீர் என்றார், சாம்பல் என்றார். ஒன்றுக்கும் மசியவில்லை. லாரி வெள்ளிக்கிழமை வரும். அன்று செவ்வாய்.

"மூட்டை போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குத் தேவலை.

புதன்கிழமை மாமியார் வந்துவிட்டார். பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்தவர், பெலந்தாரைப் பார்க்கப் பின்பக்கம் போனார். அவர் செருப்பு பலகையில் ஒட்டிக்கொண்டது. கால் மட்டும் முன்னால் போயிற்று. குனிந்து பலகையைக் கிள்ளினார். தோல் மாதிரி உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் பலகை கறுத்து, வியர்த்திருந்தது. சேற்றிலிருந்து ஏறிய ஈரம் மேலே வந்து போக வழியில்லாமல் நின்றிருந்தது.

"என்னாது இது?"

"ரப்பர் பால் அத்தை."

"யாரு பூசுனா?"

"நான்தான்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல அத்தை. நானாத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வழக்கமா போடுறதத்தான போடச் சொன்னேன்."

"வழக்கம் எதுன்னு தெரியாது அத்தை."

"கேக்குறதுக்கு வாய் இல்ல?"

வாய் இருந்தது. அதுதானே சங்கதி.

கால்சட்டைகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர், கறையை உள்பக்கமாக மடித்துக் கட்டிக் கொடுத்துவிடலாம், பிரித்துப் பார்க்கிறவரைக்கும் தெரியாது என்றார்.

"பிரிச்சதுக்கு அப்புறம்?" என்றார் மாமியார். "நாளைக்கு நானே கொண்டுபோறேன். நீயும் வா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அன்று இரவு முழுக்க என்ன சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். நான் தோட்டத்துப் பெண், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லவே கூடாது. செய்தது நான், தப்பு என்னுடையது, வீட்டை விட்டுவிடுங்கள், மூட்டையை நிறுத்தாதீர்கள் என்று நேராகச் சொல்ல வேண்டும். திட்டு வாங்கினாலும் தலையை நிமிர்த்தி வாங்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

காலை பஸ்ஸில் போனோம். மூட்டை என் தலையில். பட்டாளத்து வாசலில் மணல் மூட்டை அடுக்கி, துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். எங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, கால்சட்டையைப் பார்த்து, எங்களைப் பார்த்து, உள்ளே ஆளனுப்பினான். துணி ஸ்டோருக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். கூட மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிராணி. கிராணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "என்னா நடந்துச்சு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் ஓரடி முன்னால் போய்விட்டார்.

"பலகை ஊறிப்போச்சுன்னு ரப்பர் பாலைப் பூசச் சொன்னேங்க. நான்தான் சொன்னேன். இந்தப் பொண்ணு வேணாம் அத்தை, துணியில ஒட்டும்னுதான் சொல்லிச்சு. தோட்டத்துல பொறந்த பொண்ணு, அதுக்குத் தெரியும். நான்தான் கேக்கல."

வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

கிராணி இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் கால்சட்டை ஒன்றை எடுத்துத் தன் காலோடு வைத்துப் பார்த்தார். ரப்பரை நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். பிறகு வெகுநேரம் பேசினார். கோபமா, வேடிக்கையா, ஒன்றும் புரியவில்லை. கை இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது, ஒரு தடவை வானத்தைக் காட்டினார். நான் மாமியாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் பேசி முடித்ததும் கிராணி எங்களிடம் சொன்னார்:

"இதையெல்லாம் சமையல்காரங்களுக்குக் கொடுத்துடுவாராம். இனிமே கயித்துலதான் காயப்போடணும். நாளைக்கு லாரி வரும்."

"அவ்வளவுதாங்களா?" என்றார் மாமியார்.

"அவ்வளவுதான்."

அவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா? நடுவில் என்ன சொன்னார்? வானத்தை ஏன் காட்டினார்? கிராணி திரும்பி நடந்துவிட்டார். யாரிடம் கேட்பது?

மூட்டை நிற்கவில்லை. அடுப்பு நிற்கவில்லை. நான் அழுது தொழுது சாமி கும்பிட வேண்டிய நேரம் அது. ஆனால் பஸ்ஸுக்கு நடந்து வருகையில் என் நெஞ்சில் சந்தோஷத்தோடு இன்னொன்றும் ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை. கோபம் மாதிரி இருந்தது.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நீங்க பூசச் சொன்னதா."

"வெயில் ஏறுது, நட."

"செஞ்சது நான்தான அத்தை."

"செஞ்ச லட்சணத்தத்தான் பாத்தேனே."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேத்தியின் மூக்கு யார் மூக்கு என்று பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு பெலந்தாரில் இறங்கினார். பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கச் சொன்னார். ரப்பரை உரித்தோம். மூன்று நாள் உரித்தோம். ஊறிப்போனவற்றை விறகுக்குப் போட்டுவிட்டு, மற்றவற்றை வெயிலில் நிறுத்திக் காயவைத்தோம். பிறகு படிக்குக் கீழிருந்த டின்களை எடுத்துவந்தார். கறுப்பு எண்ணெயைச் சேற்றில் நிற்கும் கால்களுக்கு அடித்தார். டாமாரை இடித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் குழைத்து, பலகைகளின் முனைக்கும் அடிப்பக்கத்துக்கும் பூசினார். மேல்பக்கத்துக்கு ஒன்றுமே போடவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டதோடு சரி.

"மேல ஒண்ணும் வேணாமா அத்தை?"

"அது மூச்சு விட வேணாமா?"

அப்படியானால் மாக்சிக் சொன்னதும் சரி, சித்தப்பா சொன்னதும் பாதி சரி. மேலே சாயம் அடிக்கச் சொன்ன தவுக்கேயும் நானும்தான் தப்பு. மழை மேலிருந்து விழுகையில் மேல்பக்கத்தை ஏன் சும்மா விட வேண்டும் என்று நான் பிறகு வருஷா வருஷம் அதே மாதிரி பூசிக்கொண்டே யோசித்திருக்கிறேன். கை செய்யும், மனம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மாமியார் பட்டாளத்தில் சொன்ன கதையை அங்கேயே விடவில்லை. தெருவிலும் அதையே சொன்னார். நான் பத்துப் பேரிடம் நானாத்தான் செய்தேன் என்று மார் தட்டியிருந்தேன். அவர் இருபது பேரிடம், நான் சொல்லித்தான் செய்தாள் என்று சொல்லி அதை அழித்துவிட்டார். பெரியவள் பேச்சைத்தானே ஊர் கேட்கும்? என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று சில நாள் நினைப்பேன். அன்றைக்கெல்லாம் அவருக்குக் கால் பிடித்துவிடுவேன். அவர் வீடு, அவர் பெலந்தார், அதில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும் தன் பேரில்தான் நடக்க வேண்டும் என்று சொன்னார் என்று சில நாள் நினைப்பேன். அன்றைக்குப் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும். இரண்டும் அவர் குணம்தான். கூட வாழ்ந்த காலமெல்லாம் ஒரே முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

ஒரு நாள் மாக்சிக் வந்து பெலந்தாரில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டே மாமியாரைச் சீண்டினார். என்ன, இந்த வருஷம் ரப்பர் பூசவில்லையா, உனக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டதே, மருமகளிடம் கேட்டுச் செய் என்று சிரித்தார். மாமியாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் மாவுக் கஞ்சிப் பானையோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை.

"மாக்சிக், அது அத்தை இல்ல. அது வந்து…"

"அடுப்பப் பாரு," என்றார் மாமியார். "தீயுது."

உள்ளே ஓடினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.